"பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள்

புதுத் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தவரிடம் "பிடிச்சிருக்கா?" என்றுதான் கேட்போம். நானும் அப்படித்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' விஷயம் தெரிந்தபிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

அதன் முதல் எபிசோடை 2009-லேயே ஒருமுறை எடுத்துவிட்டார்கள். உருவாக்கிய பெனியாஃபும் வைஸும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ஜேமியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே புரியவில்லை! கடைசிக் காட்சியின் அதிர்ச்சியே அதுதானே. ராணி சொந்தச் சகோதரனோடு இருப்பதை ஒரு சிறுவன் பார்த்துவிடுகிறான். அவனை ஜேமி ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். உறவு தெரியாவிட்டால் அது வெறும் கள்ளக்காதல்.

ஏன் இப்படி ஆச்சு? என் கணிப்பு இது: எடுத்தவர்களுக்கு நாவல் அத்துப்படி. தங்களுக்குத் தெரிந்ததைத் திரையிலும் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார்கள்.

பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து, 2011 ஏப்ரல் 17 அன்று ஒளிபரப்பினார்கள். அதில் இருவரும் பேசும் முதல் காட்சியிலேயே ஜேமி தன்னைச் சகோதரன் என்று சொல்லிவிடுகிறான்.

நண்பர்கள் மரியாதைக்கு "சூப்பர்" என்று சொல்லியிருந்தால் இந்த ஓட்டை வெளியே தெரிந்திருக்காது. இப்போது நான் எழுதியதை யாரிடம் காட்டினாலும் கேட்பது ஒன்றுதான்: "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பார்ப்போம்?"