சைக்கிள் ஓட்ட கியாசா? பேட்டரியா?

மதுரை,
மிதிக்காமலேயே சைக்கிள் ஓட்ட பேட்டரி வந்தது. இப்போது "பேட்டரியே வேண்டாம், ஹைட்ரஜன் கியாஸ் போதும். 2 நிமிடத்தில் நிரப்பி 100 கி.மீ. போகலாம்" என்று ஒரு பேச்சு கிளம்பி இருக்கிறது. இது நம்ம ஊருக்கு சரிப்படுமா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிரான்ஸ் நாட்டின் பியாரிட்ஸ் நகரில் உள்ள பிரக்மா என்ற கம்பெனி, 2018-ம் ஆண்டு வாக்கில் ஹைட்ரஜன் சைக்கிளை விற்பனைக்கு கொண்டு வந்தது. 2 லிட்டர் சிலிண்டர். உள்ளே போவது சுமார் 35 கிராம் கியாஸ் தான். சைக்கிளில் உள்ள "பியூயல் செல்" என்ற பெட்டி, அந்த கியாசையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து கரண்டு ஆக்குகிறது. அதில் மோட்டார் சுற்றுகிறது. புகை கிடையாது. வெளியே வருவது தண்ணீர் தான்.

கேட்க ஜோர் தான். விலையை கேட்டால் தலை சுற்றும்!

ரூ.6 லட்சம்

ஒரு சைக்கிள் 7,500 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.6 லட்சம். கியாஸ் நிரப்பும் நிலையத்துக்கு குறைந்தது 30 ஆயிரம் யூரோ. அதனால் நகரசபைகள் தான் வாங்கின. நம்ம ஊரில் பேட்டரி சைக்கிள் ரூ.30 ஆயிரத்தை ஒட்டி கிடைக்கிறது. மதுரையில் ஹைட்ரஜன் பங்க் ஒன்று கூட இல்லை. நடுவழியில் கியாஸ் தீர்ந்தால் அம்போ தான். பேட்டரிக்கு வீட்டு பிளக் போதும்.

தண்ணீரை கரண்டால் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். 35 கிராமுக்கு கிட்டத்தட்ட 2 யூனிட். அதே தூரத்தை பேட்டரியில் ஓட்ட முக்கால் யூனிட் போதும். மீதி வழியிலேயே சூடாகி வீணாகிறது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ரூ.3.87 கோடியில் ஹைட்ரஜன் நிலையம் திறந்தார்கள். அந்த கியாஸ் எதற்கு தெரியுமா? துறைமுக குடியிருப்பில் தெரு விளக்கு எரியவும், பேட்டரி வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றவும்! அங்கேயும் கியாஸ் கடைசியில் பேட்டரிக்குள் தான் போகிறது.

ஒரு இடத்தில் மட்டும் கியாசுக்கு ஜெயம். ஒத்தக்கடையில் இருந்து பால் கேனோடு வருகிறவருக்கு பேட்டரி தாங்கும். மேலூரில் இருந்து மாட்டுத்தாவணிக்கு பூ கொண்டு வந்தால் போக வர சுமார் 50 கி.மீ. சாதாரண சைக்கிள் பேட்டரி திரும்பும் வழியில் படுத்துவிடும்.

மாடிப்படி ஆபத்து

கியாஸ் சிலிண்டருக்குள் சாதாரண காற்றைப் போல சுமார் 300 மடங்கு அழுத்தம். ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை. பட்டப்பகலில் பற்றினால் தீ கண்ணுக்கே தெரியாது.

பேட்டரியும் லேசுப்பட்டதல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் பரிதாபமாக செத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கு சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஆனால் மலிவாக கிடைக்கிறதே என்று மாற்றிப் போடும் பேட்டரியை யார் சோதிக்கிறார்கள்?

மாசி வீதி சந்துகளில் வண்டி நிறுத்த மாடிப்படிக்கு கீழே தான் இடம். சார்ஜ் போடுவதும் அங்கே தான். அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓட வேறு வழி கிடையாது!

சித்திரை வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. வேறு வண்டி சார்ஜரை மாட்டக் கூடாது. தூங்கும்போது சார்ஜில் விடக் கூடாது. கழற்றும் பேட்டரியாக இருந்தால், வாசலையும் படியையும் விட்டு தள்ளி வைத்து சார்ஜ் செய்யலாம். பேட்டரி உப்பி இருந்தால் அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது. புகை வந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்ல வேண்டும்.