கரிசலிலிருந்து ஒரு தீவுக்கு

எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் பிறந்து, வானம் பார்த்த கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைத்து ஜீவிக்கிற குடும்பங்களில் ராமேசுவரத்துக்குப் போகாதவர்கள் அபூர்வம். ஆனால் அந்த க்ஷேத்திரம் ஒரு தீவு என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பியவர்கள் அதைவிட அபூர்வம். ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ இரவோடு இரவாக வேன் பிடித்துப் புறப்பட்டு, விடியுமுன் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்து, இருபத்திரண்டு தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு, சுவாமியையும் அம்பாளையும் தரிசித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாலத்தைத் திரும்பக் கடந்துவிடுவது நம்மவர் வழக்கம். அந்த யாத்திரையில் குறை ஒன்றும் இல்லை. தாய் தந்தையரை நினைத்து நீராடுவதைக் காட்டிலும் உயர்ந்த காரியம் எது? எனினும், நாலாபுறமும் சமுத்திரம் சூழ்ந்த ஒரு நிலத்தில் முதன்முதலாகக் கால் வைக்கிறவர், அந்த நிலத்துக்கு ஓர் இரவையும் ஒரு முழுப் பகலையும் கொடுக்காமல் திரும்பிவிடுவது பெரிய நஷ்டம் என்பது என் துணிபு. முதல் தடவை செல்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எட்டயபுரத்திலிருந்து கிழக்கே விளாத்திகுளம் வழியாகச் சென்று, கடலோரச் சாலையைப் பிடித்து, சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று ராமநாதபுரத்தை அடைவது ஒரு மார்க்கம். போகப் போகக் கரிசல் வெளுத்து மணலாவதையும், வேலியும் விடத்தலையும் பின்தங்கிப் பனைக்கூட்டம் முன்வருவதையும் ஜன்னலோரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே போவதில் ஓர் ஆனந்தம் உண்டு. ராமநாதபுரத்துக்கு அப்பால் நிலம் ஒடுங்குகிறது. உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் வருகிறது. இங்கே ஒரு கணம் நினைக்க வேண்டிய சரித்திரம் இருக்கிறது. பஞ்சத்தாலும் கடனாலும் ஊரைவிட்டுக் கங்காணியின் பின்னே கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போன தமிழ்நாட்டு ஏழைகளை, கப்பலேற்றுமுன் வைத்தியப் பரிசோதனைக்காக நிறுத்திவைத்த முகாம் இந்த மண்டபத்தில்தான் இருந்தது. பிற்காலத்தில் அதே மண்டபம் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களுக்கு அடைக்கலம் தந்தது.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கடலின்மேல் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரயில்பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரு சிறகுகளாகப் பிளந்து உயரும். அதை ஆட்களே கையால் நெம்பித் திறந்தார்கள். பஸ்ஸும் காரும் செல்லும் சாலைப்பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் தேதிதான் வந்தது. பழைய ரயில்பாலம் தளர்ந்து போகவே, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நிறுத்தப்பட்டு, நடுப்பகுதி முழுவதும் அப்படியே செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. முதல் பிரயாணமாக இருந்தால், போகும்போது சாலைவழியும் திரும்பும்போது ரயில்வழியும் அமைத்துக்கொள்ளுங்கள். சாலைப்பாலத்தின் உயரத்திலிருந்து கீழே படகுகளைப் பார்ப்பது ஒரு காட்சி. தண்ணீருக்குச் சற்று மேலாக ரயில் ஊர்ந்து செல்லும்போது பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது முற்றிலும் வேறொரு காட்சி.

பாம்பனில் இறங்கியதும் அறியவேண்டிய முதல் விஷயம், இத்தீவைச் சூழ்ந்திருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு கடல்கள் என்பது. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் ஆழம் குறைந்து, பெரும்பாலும் அடங்கிக் கிடப்பதால் அதைப் பெண் கடல் என்றும், தென்கடல் அலையெறிந்து முழங்குவதால் அதை ஆண் கடல் என்றும் அவ்விடத்து ஜனங்கள் சொல்லுகிறார்கள். ஆனால் இந்தச் சுபாவம் நிரந்தரமன்று. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கு கொந்தளித்து வடக்கு உறங்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை எழுந்ததும் வடக்கு சீறத் தொடங்கித் தெற்கு தணியும். மேகத்தைப் பார்த்து விதைப்பெட்டியை எடுக்கிற நமக்கு, காற்றைப் பார்த்துப் படகை அவிழ்க்கிற அந்த மனிதர்களின் கணக்கு விளங்காமற் போகாது.

இனி, கரிசல்காட்டுக்காரர் ஒவ்வொருவரும் நின்று விசாரிக்கவேண்டிய அதிசயத்துக்கு வருகிறேன். அது தண்ணீர். சுற்றிலும் உப்புக்கடல்; உள்ளே ஆறு இல்லை, மலை இல்லை; கெந்தமாதனம் என்று பெயர் பெற்ற பர்வதமே ஒரு மணல்மேடுதான். அப்படியிருக்க, தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். குடித்துப் பார்த்தால் இனிக்கிறது! நமது ஊரிலோ கடலுக்கு வெகு தூரத்தில் வெட்டிய கிணறுகூட உவர்த்துப் போவதுண்டு. காரணம் எளியது. பெய்த மழையை மணல் தங்குதடையின்றி உள்ளே வாங்கிக்கொள்கிறது. அடியில் கடல்நீர் நிற்கிறது. அது நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியதாகையால், இலேசான மழைநீர், தண்ணீரின்மேல் நெய் மிதப்பதுபோல, அதன்மேல் மிதந்து நிற்கிறது. மண்ணுக்குள் அசைவில்லாமையால் இரண்டும் சீக்கிரத்தில் கலப்பதில்லை. மேலாக மொண்டுகொண்டால் நல்ல நீர் வந்துகொண்டேயிருக்கும். ஆழக் குழாயிறக்கி மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ, அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும், பின் அந்தக் கிணறு பல காலத்துக்கு உதவாது. இப்போது குழாய்வழியே காவிரி நீர் தீவுக்கு வருகிறதென்றாலும், இந்த மெல்லிய நன்னீர்ப் படலந்தான் நூற்றாண்டுகளாக அங்கே மனித வாசத்தைச் சாத்தியமாக்கியது. கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகளின் மகிமையையும் இந்த அறிவோடு நினைத்துப் பார்க்கிறவருக்கு பக்தி கூடுமேயன்றிக் குறையாது.

கோயிலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சொல்லியிருக்கிறவர்கள் பலர். சேதுபதி மன்னர்கள் எழுப்பிய வெளிப்பிராகாரத்தில் 1212 தூண்கள் நிற்கின்றன. கருங்கல்லே இல்லாத மணல்தீவுக்கு அத்தனை கல்லும் கடல்தாண்டி வந்திருக்கவேண்டும் என்பதை மட்டும் தூண்களுக்கு நடுவே நடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரத்தாருக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. 1835-இல் தீபாவளி நன்னாளில் நமது ஊரில் முக்தியடைந்து, நமது ஊரிலேயே சமாதி கொண்டிருக்கும் முத்துசுவாமி தீட்சிதர், ராமநாதசுவாமியின்மேல் காசிராமக்கிரியை ராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றியிருக்கிறார். புறப்படுமுன் அதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி. 1914-க்குப் பின் சென்னையிலிருந்து வந்த ‘போட் மெயில்’ ரயில் இவ்வூர்த் துறைமுகத்தில் பிரயாணிகளை இறக்கிவிட, அவர்கள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குச் சென்றார்கள். ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அமைந்து கலகலவென்றிருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலும் பேரலையும் வந்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போயிற்று. ஊர் வாழத் தகுதியற்றதென்று அரசாங்கம் அறிவித்தது. பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயச் சுவர்களும் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை 2017-இல் நல்ல சாலை போடப்பட்டபின் கூட்டம் பெருகிவிட்டது. வருகிறவர்களில் பலர் அந்தச் சுவர்களின்மேல் ஏறிநின்று படமெடுத்துக்கொள்வதைக் காண மனம் வேதனைப்படுகிறது. அது ஒரு மயானபூமி. அங்கே செருப்பின் சத்தம்கூட அடங்கியிருப்பது உசிதம்.

முனையில் இரு கடல்களும் கூடுமிடத்தில் நீரோட்டம் கொடியது. நீந்தத் தெரிந்தவரும் அங்கே இறங்கலாகாது. மாலையில் போலீசார் எல்லோரையும் திருப்பியனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடவேண்டும். குளிர்காலமானால் வழியிலுள்ள உப்பங்கழிகளில் பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். அவற்றின் பொருட்டு 2025-இல் அப்பகுதி சரணாலயமாக்கப்பட்டிருக்கிறது.

தீவைவிட்டுப் புறப்படுமுன் தங்கச்சிமடத்துக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். அங்கே மணலில் பதியன் போட்டு வளர்க்கும் மல்லிகை நாற்றுகள் வெகுதூரம் வரை விலைபோகின்றன. பாம்பன் பக்கத்துப் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கிடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்துப் பிழைக்கிறார்கள். நமது பெண்கள் வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பதைக் கண்டவருக்கு, தண்ணீருக்குள் மூச்சையடக்கிச் செய்யும் அந்த அறுவடையின் கஷ்டத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

போவதற்குத் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை உகந்த காலம். அமாவாசைகளைத் தவிர்த்தால் கோயிலில் நின்று தரிசிக்கலாம். தீர்த்தமாடிய ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை அவசியம். மேலும் ஒன்றைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன். நீராடியபின் உடுத்த துணியைக் கடலில் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை நம்மவர் நிறுத்தவேண்டும்; தங்கும் விடுதியில், மழையை நம்பி வாழும் வீட்டில் எப்படித் தண்ணீர் செலவழிப்போமோ அப்படியே செலவழிக்கவேண்டும். கோடையில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பது அந்தத் தீவிலும் உண்டு.