விரைவு வேறு, விலக்கு வேறு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மாநிலங்களை இணைக்கும் ‘மவுன்டன் வேலி’ இயற்கை எரிவாயுக் குழாய்த்தடம் 2017-இல் ஒப்புதல் பெற்றது. எரிவாயு பாய்ந்ததோ 2024-இல்தான். சுமார் 350 கோடி டாலர் என்ற மதிப்பீடு இருமடங்கைக் கடந்தது.

மண் அரிப்பால் ஓடைகளுக்கு நேரும் பாதிப்பை வனத்துறை முறையாக ஆராயவில்லை என்று கூறி, நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது தாமதத்துக்கு ஒரு காரணம்.

2023-இல் இயற்றப்பட்ட சட்டம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளுக்கு இரண்டு ஆண்டு வரம்பு விதித்தது. இத்திட்ட அனுமதிகளை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் வழியையும் அடைத்தது.

முன்னது சீர்திருத்தம், முதலீட்டாளருக்கும் நில உரிமையாளருக்கும் அது நிச்சயத்தன்மை தருகிறது. பின்னது விலக்கு. ஆய்வுப் பிழைகளின் செலவு அதனால் மறைவதில்லை. வழித்தடத்தில் வாழ்வோரின் தலையில் விழுகிறது. காலக்கெடு தேவை, கேள்வி கேட்கும் உரிமை அதற்கு விலையாகக் கூடாது.