முப்பது பவுண்டுக் குரல்

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வெளிவந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம். அதில் ஒரு பாட்டை முழுசாகத் தாங்கி நிற்பது கிளேர் டோரி என்ற பெண்ணின் குரல். அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைக் கூலி!

டோரி ஒரு செஷன் கலைஞர். செஷன் கலைஞர் என்பவர் குழுவைச் சேராதவர். ஒலிப்பதிவுக்குக் கூப்பிடுவார்கள், வந்து வாசித்துவிட்டோ பாடிவிட்டோ சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆல்பம் படுத்துவிட்டாலும் அவர் கூலிக்குக் குறைவில்லை, ஓகோவென்று ஓடினாலும் பங்கில்லை. பெரும்பாலான நேரங்களில் இது நியாயமான ஏற்பாடுதான். பாட்டை இயற்றியவருக்கோ காலமெல்லாம் ராயல்டி வரும்.

இந்த ஆல்பம் லண்டன் ஆபி ரோட் ஸ்டுடியோவில் 1972-73இல் பதிவானது. குழுவில் நால்வர்: வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன். சாக்ஸபோன் வாசிக்க, கில்மோரின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் டிக் பாரி வந்தார். ‘மணி’ பாட்டில் சுற்றுக்கு ஏழு அடி என்று ஓடும் பேஸ் கிட்டாரின் மேல் அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள், அடி எண்ணுகிற சிரமமே தெரியாது. டோரிஸ் டிராய், லெஸ்லி டங்கன் உள்ளிட்ட நான்கு பெண்கள் பின்னணி பாடினார்கள்.

ஆல்பம் முடியும் தறுவாயில் ரிச்சர்ட் ரைட்டின் பியானோ இசை ஒன்று மிச்சமிருந்தது. அருமையான ஸ்வர அடுக்குகள், ஆனால் மேலே பாட ஒரு மெட்டு இல்லை. ஒரு பெண்குரலை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானபோது, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் சொன்ன பெயர்தான் டோரி. 1973 ஜனவரி 21 அன்று வந்தார். பாட வரிகளும் இல்லை, ஸ்வரக் குறிப்பும் இல்லை. முதலில் வழக்கமான பாப் பாடகியைப் போல நடுநடுவே சொற்களைப் போட்டுப் பாடினார். சொல்லே வேண்டாம் என்றார்கள். சரி, நானும் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொள்கிறேன் என முடிவு செய்தார். அங்கேதான் பாட்டு பிறந்தது. உச்சத்தில் கதறல், பிறகு அடங்கி அடங்கி முனகல் வரைக்கும். இரண்டு முறை முழுதாகப் பாடி, மூன்றாவதில் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாடியதையே திரும்பப் பாடுவதாக அவருக்குப் பட்டது. இதைச் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அந்தப் பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டித் தொகுத்ததுதான் நாம் கேட்கும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’.

இப்போது கேள்விக்கு வருவோம்: இந்தப் பாட்டை இயற்றியவர் யார்? ஆலாபனையில் ராகம் எல்லோருக்கும் பொது, பாடப்படும் சங்கதிகள் பாடகருடையவை. இங்கும் ரைட் கொடுத்தது அடித்தளம். அதன் மேல் எழுந்த மெட்டு முழுக்க டோரியின் தொண்டையில் அந்தந்த நொடியில் உருவானது. பாரியின் சாக்ஸபோனை எடுத்துவிட்டாலும் ‘மணி’ என்ற பாட்டு, ஏழையாகிப்போனாலும், இருக்கும். டோரியை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் பாடிக்காட்ட ஒன்றுமே மிஞ்சாது. எனவே அவர் பாடியவர் மட்டும் இல்லை, இயற்றியவரும்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உறையில் பாடகி என்றுதான் அவர் பெயர் இருந்தது. இயற்றியவர் ரைட் ஒருவரே. 2004இல் டோரி, பிங்க் ஃபிளாய்ட் மீதும் இஎம்ஐ நிறுவனம் மீதும் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசமாக முடிந்தது, தொகை வெளியிடப்படவில்லை. பழைய எல்பி ஒன்றையும் அந்தச் சமரசத்துக்குப் பிறகு அச்சான பிரதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: புதியதில் ரைட் பெயரை அடுத்து, குரல் இசையமைப்பு கிளேர் டோரி என்று இருக்கும்.