கடல் பார்க்கப் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

தோட்டத்தில் ட்ரிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது பஸ் பேச்சுத்தான். தலைக்கு எவ்வளவு, எத்தனை சீட், சோறு கட்டிக்கொண்டு போவதா, வழியில் சமைப்பதா என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். "எந்தக் கடலுக்கு?" என்று கேட்டால் மட்டும், "கடல்னா எல்லாம் ஒன்னுதானே" என்று பதில் வரும். ஒன்றல்ல. நமது நாட்டைச் சுற்றியுள்ள கடல், ஒரே நாளில் ஒரு பக்கம் குளம் போலவும் மறுபக்கம் ஆளை அடித்துக்கொண்டு போவதாகவும் இருக்கும். மலையில் பிறந்து வளர்ந்த நம்மில் அநேகருக்கு நீந்தத் தெரியாது. ஆற்றில் குளித்த பழக்கம் கடலில் கைகொடுக்காது. சிரித்துக்கொண்டு போன பஸ் அழுகையோடு திரும்பி வந்த கதைகளை நாம் கேட்காதவர்களல்ல.

எந்தக் கரை என்பதைத் தீர்மானிப்பது மாதம்தான். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குத்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் படங்குக்கும் மேலாக மழை கொட்டும். அந்தக் காற்று முதலில் அடிப்பது மேற்கு, தெற்குக் கடலைத்தான். நீர்கொழும்பு தொடக்கம் மாத்தறை வரை அலை எழும்பும். அதே காற்று மழையை அந்தப் பக்க மலையில் இறக்கிவிட்டு, வெறும் காற்றாக ஊவாவுக்கு வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு நல்ல மணமும் விலையும் கிடைப்பது அதனால்தான். அப்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கதை தலைகீழ். வடகீழ் பருவக்காற்றில் பதுளை, பசறைப் பக்கம் நனையும். மட்டக்களப்பு, திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும். திம்புளைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல தேயிலைக் காலம். மேற்கு, தெற்குக் கடலும் அப்போதுதான் அடங்கிக் கிடக்கும். சுருக்கமாகச் சொன்னால், அட்டன் பக்கம் மழையென்றால் கிழக்கே போங்கள். பதுளைப் பக்கம் மழையென்றால் மேற்கே போங்கள். புதுவருட லீவு வரும் ஏப்ரல் இரண்டுக்கும் இடைப்பட்டது. பொதுவாக எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் பின்னேரத்தில் இடி மின்னல் வரும், முழக்கம் கேட்டவுடனே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும்.

ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எமது முதல் யோசனை பாசிக்குடா. வாழைச்சேனைக்கு அருகே வளைந்து கிடக்கும் குடா. ஆழம் மெதுமெதுவாகத்தான் கூடும், வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான். அதற்காகப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுக் கரையில் தூங்க முடியாது. முழங்கால் தண்ணீரிலும் சின்னப்பிள்ளை மூழ்கும். திருகோணமலைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீற்றரில் நிலாவெளி இருக்கிறது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதால் வயதானவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஊவாக்காரருக்கு மொனராகலை வழியாகப் பொத்துவில் கிட்ட. அங்கே அறுகம்குடாவுக்கு வெளிநாட்டார் வருவது பலகையில் அலைமேல் சறுக்குவதற்காக. பெரிய அலை இருப்பதால்தான் வருகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நாம் போனால் குடாவின் உள்வளைவில் காலை நனைத்துக்கொள்வதோடு சரி.

டிசெம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை என்றால் தெற்கே போகலாம். மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன, காலிக்குப் பக்கத்தில் உனவட்டுன, பிறகு ஹிக்கடுவை. பொல்ஹேனவிலும் ஹிக்கடுவையிலும் முருகைக்கல் பார் அலையை வெளியிலேயே உடைத்துவிடும், உள்ளே தண்ணீர் அடக்கமாக இருக்கும். முருகைக்கல்லை மிதிக்கவோ உடைக்கவோ கூடாது, காலும் கிழியும், சட்டமும் விடாது. பெந்தோட்டையில் ஆறு கடலோடு சேரும் வாயில் இறங்கவே வேண்டாம். கொழும்புக் காலிமுகத்திடல் காற்று வாங்கவும் இறால் வடை தின்னவும் நல்ல இடம், குளிக்க அல்ல.

கதிர்காமம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழா ஜூலை மாதமளவில் வருகிறது. கும்பிட்டு முடிந்ததும், "வந்ததுதான் வந்தோம், கிரிந்தயில கடலையும் பார்த்துட்டுப் போவோம்" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். பாறைமேல் ஏறி விகாரையைப் பாருங்கள், கடலையும் அங்கிருந்தே பாருங்கள். தென்மேல் காற்றில் அந்தக் கடல் மிகவும் பொல்லாதது, நீந்தத் தெரிந்தவனையும் இழுக்கும்.

அந்த இழுப்பு எப்படி என்று தெரிந்துகொள்வது உயிருக்கு உதவும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். எங்காவது ஓர் இடைவெளியில் வாய்க்கால் போல ஒன்றுசேர்ந்து வெளியே ஓடும். பார்வைக்கு அந்த இடத்தில் அலை குறைவாக, தண்ணீர் கறுப்பாகவோ கலங்கலாகவோ தெரியும். "இங்கதான் அமைதியா இருக்கு" என்று நம்மவர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். அது ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவீர்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், இழுப்பை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்த வேண்டும். கரையில் நிற்பவர்கள் பாய்ந்துவிடாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் போவது இப்படித்தான். பஸ்ஸில் கொண்டுபோகும் தண்ணீர்க் கேனை வெறுமையாக்கி, மூடியை இறுக்கி, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டி வைத்துக்கொண்டால் அதை எறியலாம், பிடித்து மிதப்பார்.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையையே தெரிவு செய்யுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக்கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கிடையில்தான் குளிக்க வேண்டும். சாராயம் குடித்தவரை எக்காரணம் கொண்டும் தண்ணீருக்குள் விடாதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும். சேலையோடு இறங்கும் பெண்கள் கணுக்காலுக்கு மேல் போகவேண்டாம். நனைந்த சேலை கல்லைக் கட்டியது போல. கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசெம்பர் 26 அன்று அப்படி உள்வாங்கிய இடங்களில் சிப்பி பொறுக்க இறங்கியவர்களும் இருந்தார்கள்.

பயணத்துக்கு முதல்நாள் வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேளுங்கள். ட்ரிப்புக்குப் பொறுப்பானவர் புறப்படும்போதும் திரும்பும்போதும் பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல ஆட்களை எண்ண வேண்டும். குளிக்கும் நேரத்தில் நீந்தத் தெரிந்த இருவர் குளிக்காமல் காவலுக்கு நிற்கட்டும், முறை மாற்றிக்கொள்ளலாம். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இரண்டு இலக்கங்களையும் டிரைவரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.