வீடு கட்டும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

வடக்கு, கிழக்கின் கிராமங்களூடாகப் பயணிப்போர், கூரையின்றிப் பாசி படிந்து நிற்கும் அரைகுறை வீடுகளைக் காணாமல் திரும்ப முடியாது. பணம் தீர்ந்ததால் நின்றுபோனவை பல. பணத்தைப் பெற்றுக்கொண்டவர் வேலையைக் கைவிட்டுச் சென்றதால் நின்றவையும் அவற்றுள் உள்ளன. மத்திய கிழக்கில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பணமும், அடகு வைத்த நகையும், வங்கிக் கடனுமே அச்சுவர்களில் முடங்கிக் கிடக்கின்றன. கிழக்கில் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களிலும் மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடித்துவைக்கும் வழக்கம் உண்டு. அவ்வழக்கம் சரியா என்பது வேறு விவாதம். ஆயின் அங்கு வீட்டு வேலை தடைப்பட்டால் திருமணமும் தடைப்படுகிறது.

மேசனையோ ஒப்பந்தக்காரரையோ தெரிவு செய்யும்போது நம்மவர் முதலில் கேட்பது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதையே. இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகிறது. ஒருவர் கூறும் விலையில் அத்திவாரம், பூச்சு, மின்னிணைப்பு, மலசலகூடக் குழி யாவும் அடங்கும். இன்னொருவரின் குறைந்த விலையில் கதவும் யன்னலும்கூட அடங்காதிருக்கலாம். நிலத்தைப் பார்க்காமலே விலை கூறுபவரை நாம் சந்தேகத்துடனேயே நோக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே சுண்ணக்கல் தென்படும். மட்டக்களப்பு, அம்பாறையின் தாழ்நிலங்களிலோ வெள்ள மட்டத்துக்கு மேல் கிரவல் கொட்டி உயர்த்தியே கட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை எவ்வாறு பொருந்தும்? ஆகவே என்னென்ன வேலை, எந்தப் பொருள், எவ்வளவு அளவு என்பதை வரைபடத்தின்படி பட்டியலிட்டு, அதே பட்டியலுக்கு இரண்டு மூன்று பேரிடம் விலை பெற்றால்தான் ஒப்பிட முடியும்.

2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, ஏற்கக்கூடிய வேலையின் பெறுமதிக்கேற்ப ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. கிராமத்து மேசன்மார் பலர் இப்பதிவு இல்லாதவர்கள். அதனால் அவர்கள் திறமையற்றவர்கள் ஆகிவிடமாட்டார்கள். பதிவு ஒருவரின் கொள்ளளவைக் கூறுமேயன்றி நாணயத்தைக் கூறாது. அதனை அறிய, அவர் முன்னர் கட்டிய வீடுகளுக்கு நேரில் செல்வதே வழி. நேற்று வர்ணம் பூசிய வீட்டை அல்ல, இரண்டு மூன்று மாரி கண்ட வீட்டைப் பார்க்க வேண்டும். யன்னல் மூலைகளில் வெடிப்புண்டா, கொங்கிறீற்றுத் தட்டின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று நோக்கலாம். பணம் முழுவதும் பெற்ற பின்னர் குறை சொன்னபோது அவர் வந்தாரா என்று அவ்வீட்டாரிடம் கேட்பது அதனினும் பயன் தரும்.

பணம் கொடுக்கும் முறையே அடுத்த முக்கிய விடயம். பாதித் தொகையை முற்பணமாகக் கேட்போர் உளர். அப்பணம் பல வேளைகளில் வேறொருவரின் வீட்டை முடிக்கவே செல்கிறது. நமது வீட்டை முடிக்க நான்காமவரின் முற்பணத்தை அவர் தேடுவார். போருக்குப் பின்னரான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளி ஒருவருக்கு வழங்கப்பட்ட 5,50,000 ரூபாவும் ஒரேயடியாகக் கொடுக்கப்படவில்லை. வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்தே கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. அத்தொகை போதாமையால் கடன்பட்டோர் பலர் என்பது உண்மை. எனினும் வேலை முடிந்த அளவுக்கே பணம் என்ற அம்முறை நாமும் பின்பற்றத்தக்கதே.

இவற்றையெல்லாம் எழுத்தில் இடுவதற்கு, உறவினர், ஊரவர், ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்று நம்மவர் கூச்சப்படுகின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆனே பணிக்கும்போது இதில் கூச்சத்துக்கு இடமில்லை. பொருள்களின் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்து சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்கு ஏறியபோது, அதை எழுதாதவர்களிடையே எழுந்த பிணக்குகளை நாம் அறிவோம். கொங்கிறீற்று இட்ட பின் குறைந்தது ஏழு நாள்களாவது நீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த வேலைக்கு விரையும் மேசன் இதைச் செய்யமாட்டார். அது யாருடைய பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நன்று. கழுவாத கடல் மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் மணல் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

பிரதேச சபையின் அனுமதி பெறாமல் அத்திவாரம் வெட்ட முன்வருபவரைத் தவிர்ப்பதே மேல். பின்னர் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரேயன்றி அவரல்லர். மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தையேனும் முதல் மாரி கழியும்வரை நிறுத்திவைப்பதாக உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளலாம். கூரை ஒழுக்கும் சுவரின் ஈரமும் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே தெரியவரும்.