தொட்டறியும் விஞ்ஞானம்

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பேழைகளும் 'தொடாதீர்கள்' என்ற அறிவித்தலுமே எமது நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள 'எக்ஸ்புளோரற்றோரியம்' விஞ்ஞான நூதனசாலையோ இதற்கு நேர்மாறானது. அங்குள்ள காட்சிப்பொருட்கள் தொட்டும் இயக்கியும் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டுள்ளன.

இதனை 1969 இல் நிறுவியவர் பௌதிகவியலாளர் பிராங்க் ஒப்பன்ஹைமர். இவர் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கிய றொபேர்ட் ஒப்பன்ஹைமரின் இளைய சகோதரராவார். முன்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் அங்கம் வகித்த காரணத்தால் 1949 இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்த அவர், கொலராடோவில் கால்நடைப் பண்ணை நடத்தினார். பின்னர் அங்கு சிற்றூர்ப் பாடசாலையொன்றில் ஆசிரியராகி, குப்பைமேட்டில் கிடந்த இயந்திரப் பாகங்களைக் கொண்டே மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்தார். பிற்காலத்து நூதனசாலைக்கு அந்த அனுபவமும் ஒரு வித்தாகும்.

1915 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கென உருவாகிப் பின்னர் மீளக் கட்டப்பட்ட நுண்கலை மாளிகையில் ஆரம்பமான இந்நூதனசாலை, 2013 இல் நகரின் 15 ஆம் இறங்குதுறைக்கு இடம்மாறியது. ஒளி, ஒலி, அலை, புலனுணர்வு என அறுநூறுக்கும் மேற்பட்ட காட்சிப்பொருட்கள் அங்குள்ளன. 1971 இல் அமைக்கப்பட்ட இருட்கூடத்தில் பார்வையாளர் கைகளால் தடவியே வழிகாண வேண்டியிருந்தது. மாட்டின் கண்ணை வெட்டிக்காட்டிப் பார்வையின் செயற்பாட்டை விளக்கும் செய்முறையும் பிரசித்தமானது. பார்வையாளருக்கு விளக்கமளிப்போருள் பாடசாலை மாணவரும் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பதவி பறிபோன ஓர் ஆசிரியர் குப்பைமேட்டிலேயே தமது ஆய்வுகூடத்தைக் கண்டார். கருவிகள் இல்லை எனக்கூறி விஞ்ஞானத்தை வெறும் மனனப் பாடமாக்குவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.